மண் வீடு கட்டித் தருவதாக ஒருவர் வந்தால்

இரண்டு வருடத்துக்கு முந்தைய கச்சான் காற்று வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்தபோதுதான் எனக்கு மண் வீட்டு ஆசை வந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அம்மம்மா இருந்தது மண் வீடு. மத்தியானச் சோறு தின்றுவிட்டு சாணி மெழுகிய தரையில் படுத்தால் எழும்ப மனம் வராது. ஆக, ஏமாறுவதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

முகநூலில் விளம்பரம் பார்த்துத் தொடர்புகொண்ட கொந்தராத்துக்காரர், போனில் வெளிநாட்டு வீடுகளைக் காட்டினார். ஒன்றரை அடிச் சுவர், சின்னச் சின்ன யன்னல், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. "வெயில் சூட்டைச் சுவர் பிடித்து வைத்து இரவில் விடும் அக்கா, ஹீட்டர், ஏசி ஒன்றும் தேவையில்லை" என்றார். மட்டக்களப்பில் யாருக்கு ஐயா ஹீட்டர்? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 14 இலட்சம் முற்பணமாகப் போனது, பற்றுச்சீட்டு ஒரு கொப்பித் தாளில்.

அவர் சொன்னது பொய்யில்லை, ஊர்தான் பிழை. பகலில் கொதித்து இரவில் நடுங்கும் நாடுகளில் தடித்த மண் சுவர் வரம். இங்கே ஆடி மாதத்து இரவிலும் புழுக்கம் இறங்காது. பகலெல்லாம் சூட்டைக் குடித்த சுவர், பிள்ளைகள் படுக்கிற நேரம் பார்த்து அதைத் திருப்பித் தரும். காற்று குறுக்கே ஓட எதிரெதிர் யன்னல் இருந்தால் அந்தச் சூடு வெளியே போய்விடும். எங்கள் வீட்டில் அப்படி யன்னல் இல்லை. கண்ணாடியோ குளிர்நாடுகளில் மாரிக்கால வெயிலை உள்ளே எடுக்கத் தெற்கே வைப்பது. எங்களுக்கு றோட்டுப் பக்கம் அழகாக இருக்கட்டும் என்று மேற்கே வைத்தார். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் நிற்க முடியாது.

சரி, அதைக்கூடப் பொறுத்திருப்போம். கல்தான் பெரிய மோசம். மண்ணில் சீமெந்து கலந்து மெசினில் அழுத்தி, 28 நாள் ஈரம் காயாமல் வைத்திருந்த கல் என்றுதான் பேச்சு. அந்த வகைக் கல்லுக்கு இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1382 என்று தரநிர்ணயமே இருக்கிறது. வந்ததோ ஐந்து நாள் வெயிலில் காய்ந்த கல். மண் எடுத்தது வாவிக் கரையில். அது எனக்குத் தெரியவந்தது மகனால்: சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "அம்மா, உப்பு!" என்றான். உப்புப் பூத்த இடமெல்லாம் கல்லின் முகம் தூளாகக் கொட்டியது. அதை மறைக்க அவருடைய ஆட்கள் சீமெந்துப் பூச்சு அடித்தார்கள். மண் சுவரோடு சீமெந்து ஒட்டாது, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. கார்த்திகை மழை தொடங்கி இரண்டாம் கிழமை, பூச்சு பாயளவுக்குக் கழன்று விழுந்தது. கூரை சுவரைத் தாண்டி அரை அடிகூட நீளவில்லை. தண்ணீர் நேரே சுவரில்தான் வழிந்தது. அடிச் சுவரில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். நகம் மறையும்வரை உள்ளே போனது.

பக்கத்து வளவுப் பெரியவர் வந்து பார்த்தார். "மண்ணில பிழையில்ல புள்ள. காலுக்குச் செருப்பும் தலைக்குத் தொப்பியும் இல்லாம மழையில நிப்பாட்டிட்டான்." அம்மம்மா வீட்டுச் சுவரடிக் குந்தின் உயரமும், குனிந்து நுழைய வேண்டியிருந்த தாழ்வாரமும் எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

காசு கொடுக்கமுன் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவர் எடுக்கும் மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே என்று பிரிந்து நிற்கும். முழுக்கக் களி என்றால் வெடிக்கும், முழுக்க மணல் என்றால் உதிரும். உப்பை இது காட்டாது, ஆகவே எந்த இடத்து மண் என்று நேரே போய்ப் பாருங்கள். ஒரு கல்லை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, காலையில் அது கல்லாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றது, வேலை முடிய முடியக் காசு, முத்திரை ஒட்டிய ஒப்பந்தம். என்னிடம் இருக்கும் கொப்பித் தாளோடு மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறேன். அழைப்புக்கு அவர் இன்னும் வரவில்லை.

இப்போது மேற்குக் கண்ணாடிக்கு வெளியே கிடுகுத் தட்டி கட்டியிருக்கிறோம். அறை கொஞ்சம் ஆறியிருக்கிறது.

அவர் இப்போது அம்பாறைப் பக்கம் ஆள் பிடிக்கிறார் என்று கேள்வி. விளம்பரத்தில் போடுவது எங்கள் வீட்டுப் படம், மழைக்கு முன் எடுத்தது. வாசலில் ஒரு சின்ன நீலச் சைக்கிள் சாய்ந்து நிற்கும். அது என் மகனுடையது.