ஜூரோங்கா, செம்பவாங்கா?

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு மரீனா பேயும் முஸ்தபா கடையும் காட்டி முடித்த பிறகு, "அதெல்லாம் சரி, இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது?" என்று கேட்க ஒரு சித்தப்பா கண்டிப்பாக இருப்பார். அவருக்காக ஒரு நாளை ஒதுக்கினால் எங்கே கூட்டிப் போவது? பெரும்பாலோர் யோசிக்காமல் ஜூரோங் என்பார்கள். நான் செம்பவாங் என்பேன்.

ஜூரோங்கின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சதுப்பு நிலமும் இறால் குளமும் ரப்பர் தோட்டமுமாகக் கிடந்த மேற்குக் கோடி அது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்ததும், நிதியமைச்சர் கோ கெங் சுவீ அங்கே குன்றுகளை வெட்டிச் சதுப்பைத் தூர்க்க வைத்தார். ஆரம்பத்தில் ஆலைகள் வரத் தயங்கின. 'கோவின் மடமை' என்று கேலிகூடச் செய்தார்கள். 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகு, அந்தச் சந்தையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது என்றாகி, ஏற்றுமதிக்கான ஆலைகளைத் தேடி ஓடவேண்டி வந்தது. 1968இல் தொழிற்பேட்டைகளைக் கவனிக்க ஜேடிசி என்னும் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. நாட்டின் தொழில்மயத்துக்கு ஜூரோங்தான் தாய்வீடு.

ஆனால் போனால் என்ன தெரியும்? மதில், கேட், லாரி. ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கிய ஜூரோங் தீவில்தான் பெட்ரோ ரசாயன ஆலைகள் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பறவைப் பூங்காவும் 2023 ஜனவரியில் மூடிவிட்டது. ஜூரோங் குன்றில் சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் 1978இல் நட்ட மரத்தைக் காட்டலாம். சித்தப்பா தலையாட்டிவிட்டு டீ எங்கே கிடைக்கும் என்பார். ஒரு விஷயத்தில் மட்டும் ஜூரோங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஞாயிற்றுக்கிழமை பூன் லே பக்கம் நின்றால், துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளின் பேச்சில் இன்றைய தொழில் சிங்கப்பூரைக் காதாலேயே கேட்கலாம்.

வடக்குக் கரையில் இருக்கும் செம்பவாங்கின் கதை பழையது. ஜப்பானை மனத்தில் வைத்து பிரிட்டிஷார் 1920களில் அங்கே கடற்படைத் தளம் கட்டத் தொடங்கினார்கள். கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துப் பழுதுபார்க்கும் உலர்துறை ஒன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 1,000 அடி. கூலி வேலையிலிருந்து குமாஸ்தா வேலைவரை தமிழரும் மலையாளிகளும் நிறையச் சேர்ந்தார்கள். வேலையோடு குடியிருப்பு, கோயில், வாசகசாலை எல்லாம் வந்தன. அந்தத் தளத்து ஆட்கள் மரத்தடியில் கும்பிடத் தொடங்கிய முருகன்தான் இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் கூட்டத்தில் பழைய தளத்துக் குடும்பங்கள் இன்னும் உண்டு.

பிரிட்டன் தளங்களை மூடப் போகிறது என்றதும் நாடே ஆடிப்போனது. அப்போது நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. 1968 டிசம்பரில் செம்பவாங் தளத்தின் கப்பல் பட்டறை பெயருக்கு ஒரே ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு டாலருக்கு, சிங்கப்பூர் அரசிடம் கைமாறியது. போர்க்கப்பல் பார்த்த அதே கைகள் வணிகக் கப்பல்களைப் பழுது பார்க்கத் தொடங்கின. ஜூரோங்கில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். இங்கே இருந்ததை வைத்தே தொழிலை மாற்றினார்கள். எனக்கு இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. கடைசியில் 1997இல் செம்பவாங் பட்டறையை வாங்கியதும் ஜூரோங் கப்பல் பட்டறைதான் என்பது வேறு விஷயம்!

முக்கியமாக, இங்கே பார்க்க முடிகிறது. பிரிட்டிஷார் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களாக்களைத் தாண்டி நடந்து செம்பவாங் பூங்காப் படகுத்துறைக்கு வந்தால், பட்டறையின் பாரந்தூக்கிகள் ஒரு பக்கம், நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் மறுபக்கம். பிறகு வெந்நீர் ஊற்றுப் பூங்கா. ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். இப்போது குழாயில் பிடித்து முட்டை அவிக்கிறார்கள். மஞ்சள்கரு கொழகொழவென்றுதான் வரும். முழுதாக வெந்திருக்க வேண்டும் என்பவர்கள் பொறுமையாக உட்காரவேண்டும்.

பட்டறையைக் காலிசெய்துவிட்டு அந்த நிலத்தில் நீர்முகப்பு வட்டாரம் அமைக்கும் திட்டம் வந்துவிட்டது. அதனால் பாரந்தூக்கிகளைப் பார்க்க ஆசையிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். செம்பவாங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 882 பேருந்து பிடியுங்கள். முட்டையை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.