களிக்கடையில் ஏழு வருடம்

தருமபுரிக்கு மாற்றலாகி வந்தது 2018 ஜூனில். சாமான் இறக்கிய அன்றே பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டிய கடை இது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் நின்று "களிக்கடை எங்கே?" என்று கேட்டால் போதும். வாரத்துக்கு மூன்று மதியம் என்று வைத்தாலும் ஆயிரம் தடவையை ஒட்டி வரும். ஒரே ஒரு நாள் போய்விட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நம்பி ஏமாந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அதனால் இந்தக் கடையின் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் களி. இந்த ஊரில் களி என்றால் ராகிக் களிதான், தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. நான் தஞ்சாவூர்க்காரன், மதியம் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கிலேயே சேர்க்காத வீடு. முதல் நாள் களியை எடுத்து வாயில் போட்டு மென்றேன். பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுக்க முடியாமல், "மெல்லாத தம்பி, முழுங்கு" என்றார். விரலை நனைத்துக்கொண்டு, ஓரத்தில் சின்னதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே உள்ளே தள்ள வேண்டும். பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கல்லாவுக்குப் பின்னால் திரை கிடையாது, அடுப்பு நேராகத் தெரியும். பெரிய குண்டானில் நொய் வெந்து கொதிக்கும்போது அக்கா மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவார். துடுப்புக் காம்பால் குவியலில் ஒரு துளை. அவ்வளவுதான், கிளற மாட்டார். அந்தத் துளை வழியாகக் கொதிநீர் குபுகுபுவென்று மேலே வந்து மாவை வேகவைக்கும். அப்புறம் கடைக்கார அண்ணன் கவட்டைக் கட்டையால் குண்டானை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அக்கா இரண்டு கையாலும் கிண்டுவார். அந்த நேரத்தில் இருவரும் யாரிடமும் பேச மாட்டார்கள், பில் கேட்டாலும் பதில் வராது. கடைசியில் ஈரக்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒட்டவில்லையென்றால் இறக்கலாம்.

இது முடிய மணி 12.30 ஆகிவிடும். 12.30க்கும் 1.30க்கும் நடுவில் போனால் இந்தக் கடையை விட்டு வேறெங்கும் போக மனசு வராது. இரண்டு மணிக்கு மேல் என்றால் உருண்டை மேலே ஆடை கட்டி இறுகிப் போயிருக்கும். சாம்பாரை நாலு தடவை சூடு பண்ணி ஊற்றிவிடலாம், களியிடம் அந்த வேலை நடக்காது. அண்ணனே "இந்நேரத்துக்கு வந்தா எப்படிண்ணா? சோறு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிடுவார். இறுகின களியைத் தலையில் கட்டாத இந்தக் குணத்துக்காகவே நான் தொடர்ந்து போகிறேன்.

தொட்டுக்கொள்ள ஒவ்வொரு நாளும் ஒன்று. கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், கருவாட்டுக் குழம்பு. மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரைக்கொட்டை போட்ட குழம்பு. இதில் கருவாடுதான் முதல் இடம், கொள்ளு சுமார். கொள்ளில் பூண்டு போடுவதற்கு அக்காவிடம் ஏனோ ஒரு தயக்கம்.

தக்காளிச் சட்னி மட்டும் பாலக்கோடு மார்க்கெட் சொல்கிறபடி நடக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது காலை டிபனுக்கு மூன்று வாரம் புதினாச் சட்னிதான். இரண்டாவது கரண்டி கேட்கவும் கூச்சமாக இருந்தது. விலை சரிந்தால், கேட்காமலே தட்டில் சட்னி குளம் கட்டும். அந்த நாட்களில் பாலக்கோடு பக்கம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் பார்த்திருந்தால் அந்தச் சட்னி அவ்வளவாக இனிக்காது.

இனி குறை. 2021 கடைசியில் "நாட்டுக்கோழிக் குழம்பு" என்று தினமும் எழுதிப் போட ஆரம்பித்தார்கள். நாட்டுக்கோழி தினமும் அவ்வளவு கிடைக்குமா என்று சந்தேகம். கறி ரப்பராக இழுத்தது, எலும்பு மட்டும் லேசாக உடைந்தது. முட்டை வைத்து ஓய்ந்த பண்ணைக்கோழியும் இப்படித்தான் இழுக்கும், இழுக்கிறதெல்லாம் நாட்டுக்கோழி ஆகிவிடாது. நான் வாய் திறக்கவில்லை. வழக்கமாக வரும் லாரி டிரைவர் ஒருவர் எலும்பை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "அண்ணா, இது நாமக்கல் கோழியாச்சே?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. மறுவாரம் பலகையில் வெறும் "கோழிக் குழம்பு", விலையும் முப்பது ரூபாய் குறைவு. இப்போது நாட்டுக்கோழி ஞாயிறு மட்டும். அது அசல்தான், குழம்பின் மேல் மிதக்கும் மஞ்சள் கொழுப்பே சொல்லிவிடும்.

மீன் விஷயத்தில் அந்தத் திருத்தம் வரவில்லை. "ஒகேனக்கல் மீன் வறுவல்" என்ற அட்டை இன்றும் தொங்குகிறது. தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஏரியில் பிடித்த ஜிலேபி மீன். புதுசாகத்தான் இருக்கிறது, மசாலாவும் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆனால் காவிரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அட்டையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

2022இல் பக்கத்து அறையையும் எடுத்து ஏசி போட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் இருபது ரூபாய் கூட. கேட்டதற்கு "ஜிஎஸ்டி சார்" என்றார் புதுப் பையன். 2017 நவம்பரிலிருந்து இந்த மாதிரிக் கடைகளுக்கு ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 5 சதவீதம்தானே என்றேன். அவன் முழித்தான். அண்ணன் கல்லாவிலிருந்து சிரித்துக்கொண்டே, "அது கரண்ட் பில்லுண்ணா, அவனுக்குச் சொல்லத் தெரியல" என்றார். சரி, அதையாவது பலகையில் எழுதி வைக்கலாம். இன்றுவரை எழுதவில்லை.

ஆனாலும் அந்த அறையால் ஒரு நல்லது நடந்தது. அதுவரை மதிய நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது பள்ளிக்கூட டீச்சர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வருகிறார்கள். ஊரிலிருந்து வந்த என் அம்மாவும் அங்கேதான் முதன்முதலாகக் களி சாப்பிட்டார். "இதைச் சாப்பிட்டா சுகர் ஏறாதாமே?" என்று அக்காவிடம் கேட்டதற்கு, "எங்க மாமியாருக்குச் சுகர் இருக்குதும்மா. அவங்க ரெண்டு வேளையும் களிதான்" என்று பதில் வந்தது. அம்மாவுக்கு அது ஏறாது என்று பட்டதா, ஏறும் என்று பட்டதா தெரியவில்லை. ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொண்டார். என் டாக்டர் சொன்னது வேறு: ராகியில் சுண்ணாம்புச்சத்து நிறைய, நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

பார்சல் வாங்குபவர்கள் தூக்குவாளி கொண்டுபோங்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, பாத்திரம் கொண்டுவந்தால் ஐந்து ரூபாய் குறைத்தார்கள். ஊரடங்கில் பார்சல் மட்டுமே ஓடியபோதும் அந்த ஐந்து ரூபாயை விடாமல் குறைத்தார்கள். இப்போது குறைப்பதில்லை, ஆனால் வாளியோடு போனால் குழம்பு ஒரு கரண்டி கூட விழுகிறது. களியைப் பார்சல் வாங்காதீர்கள். வீட்டுக்குப் போய்த் திறந்தால் வியர்த்துப் போய்க் கொழகொழவென்று இருக்கும்.

கை கழுவும் இடம் இன்னும் மோசம்தான். சோப்பு இருந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் சோப்பு இருக்காது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விலை: நான் வந்த புதிதில் இரண்டு உருண்டையும் கீரையும் 40 ரூபாய், இப்போது 80. ரேஷனிலேயே 2023இல் எங்கள் மாவட்டத்தில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தர ஆரம்பித்தார்கள். அதனால் கடையில் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அவ்வளவு நேரம் கிண்ட வீட்டில் யாருக்கு முடிகிறது?

செவ்வாய் விடுமுறை. நேற்று வேலை இழுத்து, போய்ச் சேர மணி 1.50. குண்டானில் ஒரே ஒரு உருண்டை. எனக்கு முன்னால் நின்றவர் அந்த லாரி டிரைவர். அது அவர் தட்டுக்குப் போயிற்று, எனக்குத் தயிர்ச்சோறு.