பத்துக்குப் பத்து வாங்கினாலும் ஸ்பேமா? டொமைன் மின்னஞ்சலைச் சோதிக்க எந்தக் கருவி உதவும்

சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகிறது என்றால் பலரும் முதலில் திறப்பது மெயில் டெஸ்டரைத்தான். அது தரும் தற்காலிக முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மின்னஞ்சலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவ்விரண்டில் ஒன்றாவது அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற விதி) மூன்றையும் பார்த்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடும். புதிதாக அமைத்த டொமைனுக்கு அருமையான முதல் சோதனை. ஆனால் அது பார்ப்பது அந்த ஒரு மின்னஞ்சலை மட்டுமே. ஜிமெயிலில் உங்கள் டொமைனுக்கு நற்பெயரா கெட்ட பெயரா என்பது அதற்குத் தெரியாது.

எம்எக்ஸ் டூல்பாக்ஸ் என்ற கருவி டிஎன்எஸ் (டொமைனின் பொதுப் பதிவேடு) பதிவுகளை அலசுவதில் கெட்டி. எஸ்பிஎஃப் சோதனையில் 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு சேவையாகச் சேர்த்துக்கொண்டே போய் அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் இங்கே உடனே தெரிந்துவிடும். ஸ்பேம் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியல்களில் நீங்கள் இருக்கிறீர்களா என்றும் அது பார்க்கும். பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டியல் சிவப்பு காட்டினால் பதற வேண்டாம். பல அஞ்சல் சேவைகள் நம்பும் ஸ்பாம்ஹாஸ் பட்டியல் காட்டினால் அன்றே கவனியுங்கள்.

கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் வேறு ரகம். பெறுபவர்கள் எத்தனை பேர் ‘ஸ்பேம்’ என்று குறித்தார்கள் என்ற விகிதத்தைக் கூகுளே சொல்கிறது. அதை 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள், 0.3-ஐத் தொடவே விடாதீர்கள் என்பது கூகுளின் அறிவுரை. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் டிமார்க்கும் கட்டாயம். குறைவாக அனுப்பும் சிறு கடைக்கோ இந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

என் வாக்கு டிமார்க் அறிக்கைகளுக்கே. டிஎன்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்து அதில் அறிக்கை பெறும் முகவரியைக் கொடுத்தால், ஜிமெயிலும் யாகூவும் தினமும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்பும். உங்கள் பெயரில் எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை மின்னஞ்சல்கள் வந்தன, எவை தேறின என்பதெல்லாம் அதில் இருக்கும். பில்லிங் மென்பொருள் அனுப்பும் ரசீதை எடுத்துக்கொள்வோம். அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன்; ரிட்டர்ன் பாத்தில் (சேராத மின்னஞ்சல் திரும்பி வரும் முகவரி; எஸ்பிஎஃப் பார்ப்பது இதைத்தான்) அந்த மென்பொருள் நிறுவனத்தின் டொமைன். எஸ்பிஎஃப் ‘பாஸ்’ ஆகும், ஆனால் அவர்கள் டொமைனுக்கு! டிகிம் கையெழுத்தும் அவர்களுடையது என்றால் டிமார்க் தோற்றுவிடும். உங்கள் அஞ்சல் பெட்டியிலிருந்து மெயில் டெஸ்டருக்கு அனுப்பிப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாலும் இந்த ஓட்டை அங்கே தெரியாது, ஏனென்றால் ரசீது போகும் வழியே வேறு.

எக்ஸ்எம்எல்லைக் கண்ணால் படிப்பது தண்டனை. போஸ்ட்மார்க் சேவை தரும் இலவச வாராந்தரச் சுருக்கம் சிறு நிறுவனத்துக்குப் போதும். சர்வரைத் தாமே பராமரிப்பவர்களுக்குப் பார்ஸ்டிமார்க் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது.

முதலில் டிமார்க் கொள்கையை ‘none’ (எதையும் தடுக்க வேண்டாம்) நிலையில் வையுங்கள். எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (தேறாததை ஏற்காதே) போட்டால் உங்கள் ரசீதுகளே திரும்பிவிடும். பில்லிங் மென்பொருளில் உங்கள் டொமைனுக்கான டிகிம் சாவியை அமைத்து, அந்த ஐபி அறிக்கையில் தேறுவதைப் பார்த்த பிறகு ‘குவாரன்டைன்’ (தேறாததை ஸ்பேமில் போடு), அதன் பின்னரே ‘ரிஜெக்ட்’.