ஒரே .30 சப்ரஸரா, காலிபருக்கு ஒன்றா?

டெக்சஸில் நண்பர் ஒருவருக்குச் சொந்த நிலம் உண்டு. காட்டுப்பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாக மேய்ச்சல் நிலத்தைக் கிளறிப் போட்டுவிடும். சுட என்னையும் கூப்பிடுவார். என்னிடம் இருப்பது .223 ரைபிள் ஒன்று, .308 ஒன்று (இந்த எண்கள்தான் காலிபர், அங்குலத்தில் தோட்டாவின் தடிமன்). இரண்டுக்கும் பொதுவாக .308-ம் போகக்கூடிய ஒரு .30 சப்ரஸர் (குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைப்பது) போதுமா, .223-க்குத் தனியாக வேண்டுமா என்று இரண்டு மாதம் யோசித்து .30-ஐ எடுத்தேன்.

.223 தோட்டாவின் விட்டம் 5.7 மில்லிமீட்டர், .308-க்கு 7.8. பெரிய துளையில் சின்னது போகும். சின்னத் துளையில் பெரியதைச் சுட்டால் சப்ரஸர் சிதறிவிடும், ஆளுக்கும் ஆபத்து. குழல் முனையின் மரை இரண்டிலும் வேறு என்பதால் அடாப்டர் இரண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சத்தத்தில் .223-க்கென்றே செய்தது கொஞ்சம் முந்தும். காது மூடியோடு சுடும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எதைப் போட்டாலும் காது மூடியைக் கழற்றாதீர்கள். தோட்டா ஒலியைவிட வேகமாகப் போவதால் அந்த 'படீர்' இருந்தே தீரும். அகலத் துளையில் ஒரு லாபமும் உண்டு: என் .223 ரைபிளான ஏஆர்-15-இல் முகத்துக்குத் திரும்பும் புகை குறைவு.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மறுவிற்பனை. சப்ரஸர் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருகிறது. நான் வாங்கியபோது 200 டாலர் வரி, கைரேகை, புகைப்படம், அப்புறம் ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசுத் துறை) ஒப்புதல் வரும்வரை காத்திருப்பு. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். இரண்டு வாங்கினால் இரண்டு வரி என்ற கணக்கு இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் படிவமும் பதிவும் அப்படியே இருக்கின்றன. நாளைக்கு விற்பதென்றால் வாங்குபவரும் முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். வேறு மாநிலத்தவர் என்றால் டீலர் வழியாகத்தான். அதே படிவத்தில் புதிதே கிடைக்கும்போது பழையதை யார் கேட்பார்? அந்த நண்பரே .223 சப்ரஸர் வைத்திருந்தார். ரைபிளை 6.5 கிரீட்மோர் என்ற பெரிய காலிபருக்கு மாற்றினார். சப்ரஸர் பெட்டகத்தில் உறையோடு கிடக்கிறது. என்னுடையதை அவர் ரைபிளில் மாட்டிப் பத்து ரவுண்டு சுட்டோம். பொருந்தியது. 6.5-இல் என் அனுபவம் அந்தப் பத்து ரவுண்டுதான். மருந்து அதிகமுள்ள மேக்னம் காலிபர்களில் சுட்டதே இல்லை. தயாரிப்பாளர் எந்தக் காலிபர், எவ்வளவு குழல் நீளம் வரை அனுமதிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் .308-இல் குண்டு 100 கஜத்தில் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. அதனால் மாட்டியபடியேதான் ஜீரோ செய்கிறேன், அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்கிறேன்.

.223 மட்டுமே வைத்திருப்பவர், இனியும் மாற்றப்போவதில்லை என்றால், தனி சப்ரஸர் எடுக்கலாம். நீளமும் எடையும் குறையும். .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டாவின் கதை வேறு. அந்த ஈயக் கரி உள்ளே அப்பிக்கொள்ளும், வெல்டிங் செய்து மூடிய என் .30-ஐத் திறந்து கழுவ வழியில்லை. அதற்காகக் கழற்றிக் கழுவக்கூடிய சின்னது ஒன்றுக்குப் போன மாதம் படிவம் போட்டிருக்கிறேன்.