கிரேட் அலெகெனி பாசேஜ்: நந்தி மலை ஏறியவர்களுக்கும் இடுப்பு வலிக்கும் சமதளம்

ஆபீஸ் வேலையாகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ பெங்களூரிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள், கையில் ஐந்து நாள் மிச்சமிருந்தால் யோசிக்க வேண்டிய பாதை இது. பிட்ஸ்பர்க்கின் பாயின்ட் ஸ்டேட் பார்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை 241 கிலோமீட்டர். கைவிடப்பட்ட ரயில் பாதைகளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பெரும்பகுதிக்குச் சுண்ணாம்புக்கல் பொடி கொட்டி இறுக்கியிருக்கிறார்கள், ஊர்களுக்குள் தார். கட்டணம் இல்லை. குறுக்கே வரும் சாலைகளையும் சில ஊர்த் தெருக்களையும் விட்டால் வண்டி வாகனம் கிடையாது. சில்க் போர்டு சிக்னலில் சைக்கிள் மிதித்துப் பழகியவர் கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

பாதைக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் "ரொம்ப ஈஸி" என்று அதைப் பற்றிச் சொல்வது பாதி உண்மைதான்.

ரயிலுக்காக வெட்டிய வழி என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. பிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் மெல்ல ஏறி, ஈஸ்டர்ன் கான்டினென்டல் டிவைடு என்ற நீர்பிரி மேட்டில் 729 மீட்டரைத் தொடுகிறது. சராசரி ஏற்றம் 0.25 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. மேட்டிலிருந்து கம்பர்லாந்துக்கு 38 கிலோமீட்டரில் சுமார் 545 மீட்டர் இறக்கம், அதாவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

சிக்கல் இங்கேதான். நந்தி மலையில் எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது கால் ஓயும். இங்கே அந்த ஓய்வு இல்லை. நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஒரே உட்காருமிடம், ஒரே பிடி, ஒரே வேகம். தொடை தாங்கும், உட்காரும் எலும்பும் உள்ளங்கையும் தாங்காது. சுண்டுவிரல் மரத்துப்போவது பலருக்கும் வரும். ஆகவே இதற்கான பயிற்சி நந்தியில் இல்லை. ஹெசரகட்டா பக்கத்து மண் பாதைகளில் இறங்காமல் நான்கு மணி நேரம், வாரம் ஒரு முறை, ஒன்றரை மாதம் ஓட்டினால் போதும். பாதையில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதிக்க வேண்டும். புதுச் சீட்டோடு போகவே கூடாது.

சொந்த சைக்கிளா, வாடகையா? நான்கைந்து நாளுக்கு வாடகையே மேல். இரண்டு முனைகளிலும், நடுவில் ஒஹையோபைல் போன்ற ஊர்களிலும் கிடைக்கிறது. கல், மண் பாதைக்கென்றே செய்த கிராவல் பைக்தான் வேண்டும் என்பதில்லை. 35 முதல் 40 மி.மீ. டயர் போட்ட, சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஹைபிரிட் சைக்கிளே தாராளம். இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது சீட்டும் பெடலும் மட்டும். பெடல் கழற்றும்போது இடது பக்க மரை எதிர்த்திசை என்பது நினைவிருக்கட்டும்.

வாடகை வண்டியில் ஏறுமுன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் சைக்கிளில் பொதுவாக வலக்கை முன் பிரேக். அங்கே இடக்கை முன் பிரேக். பழக்கதோஷத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை அழுத்தினால், பொடிக்கல்லில் முன் சக்கரம் வழுக்கி ஆள் கீழே. கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாம். கேபிள் பிரேக் என்றால் சீக்கிரம் முடிகிற வேலை. இன்னொன்று, அங்கே வலப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். முந்துவது இடப்பக்கமாக, மணி அடித்து, குரல் கொடுத்து.

காற்று: சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ, 40 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 35, பின்னால் 38 பிஎஸ்ஐ. டியூப் இருந்தால் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். பெங்களூர்ப் பழக்கத்தில் 60 வைத்தால் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டுக்கு வரும். முள் தொல்லை நம் ஏரிக்கரைகளைவிட மிகக் குறைவு. காற்றடிக்கும் கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. கைப்பம்பு இருந்தால் அந்த வம்பே இல்லை.

உலர்ந்திருக்கும்போது தரை அருமை, கிட்டத்தட்ட தார் மாதிரி உருளும். மழை பெய்தால் சுண்ணாம்புப் பொடி இட்லி மாவுப் பதத்துக்கு வந்து செயின், கியர் மாற்றும் டிரெயிலர், பிரேக் பேடு எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் கெட்டியாகிவிடும், செயின் கரகரக்கும், பேடு தேயும். அன்று சாயங்காலமே, ஈரம் காயுமுன், குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, துடைத்து, மெழுகு வகை செயின் மசகு போடுவதுதான் வழி. கொழகொழ எண்ணெய் போட்டால் மறுநாள் தூசி மொத்தமும் அதில்தான் ஒட்டும்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பினால் நான்கு நாள் இப்படி வரும்: வெஸ்ட் நியூட்டன் வரை 58 கிலோமீட்டர், ஒஹையோபைல் வரை 68, மையர்ஸ்டேல் வரை 64, கடைசி நாள் கம்பர்லாந்துக்கு 51. இந்தத் திசைதான் எங்கள் சிபாரிசு. ஏற்றம் உணராமலே கழிந்துவிடும், இறக்கம் கடைசி நாளுக்கு. கம்பர்லாந்திலிருந்து புறப்படுகிறவர் முதல் நாளே 38 கிலோமீட்டர் விடாத ஏற்றம் ஏற வேண்டும்.

சுவையெல்லாம் மூன்றாம் நாள் முடிவிலும் கடைசி நாளிலும்தான். மூன்றாம் நாள் மையர்ஸ்டேலை எட்டுவதற்குச் சற்று முன் 1,908 அடி நீள சாலிஸ்பரி வையாடக்ட் பாலம். கீழே வயல், நெடுஞ்சாலை, இன்னும் ஓடுகிற ரயில் பாதை. மறுநாள் அந்த நீர்பிரி மேடு, அதைத் தாண்டியதும் பிக் சாவேஜ் சுரங்கம், ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்கு உண்டு. ஆனாலும் முன்விளக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் கையில் இருக்கட்டும், கோடையிலும் உள்ளே குளிரும். குளிர்காலத்தில் சுரங்கத்தின் கதவையே மூடிவிடுவார்கள், சுற்றுவழியோ மேடு பள்ளமான சாலை. அதனால் மே முதல் அக்டோபர் வரைதான் காலம். இன்னும் கீழே பிரஷ் சுரங்கத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றுலா ரயில் ஓடுகிறது. ரயில் வரும் சத்தம் கேட்டால் வெளியிலேயே நின்றுவிடுவது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் இரு பக்கமும் மரச்சுவர்தான். யாக்கியகேனி ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் பாதி நேரம் இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டாம் நாள் மதியம் அலுப்புத் தட்டும். ஒஹையோபைலுக்கும் கானெல்ஸ்வில்லுக்கும் இடையே 27 கிலோமீட்டருக்கு ஊரே இல்லை, போன் சிக்னலையும் நம்ப முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீரோடு கிளம்ப வேண்டும். ஆற்றின் எதிர்க்கரையில் சரக்கு ரயில் இரவும் ஓடும், ஊதல் காதைக் கிழிக்கும், காதடைப்பான் அவசியம்.

சைவக்காரர்களுக்குச் சாப்பாடு சோதனைதான். சின்ன ஊர்களில் பீட்சா, சீஸ் சாண்ட்விச், பொரித்த உருளை, திரும்பவும் பீட்சா. வாரத் தொடக்கத்தில் பல கடைகள் மூடியிருக்கும். வெந்நீர் ஊற்றினால் போதுமான அவல் உப்புமா மிக்ஸ் நான்கு பாக்கெட், கடலை மிட்டாய் ஒரு டப்பா எடுத்துப்போங்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் கேன்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பெங்களூர்ப் பக்கம் இப்படி ஒன்று இல்லையா என்று கேட்பார்கள். எலஹங்காவிலிருந்து சிக்கபள்ளாப்பூர் போன குறுகிய பாதை அகலப்பாதையாகி இன்றும் ரயில் ஓடுகிறது. கைவிட்டால்தானே சைக்கிளுக்குக் கிடைக்கும்! தண்டவாள ஓரத்து ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவது 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அந்த யோசனையே வேண்டாம்.

கம்பர்லாந்திலிருந்து சி அண்டு ஓ கால்வாய்க் கரையைப் பிடித்து வாஷிங்டன் வரை இன்னும் 297 கிலோமீட்டர் போகலாம். ஆனால் அது வேறு ஜாதிப் பாதை: களிமண், வேர், குட்டை. மழைக்குப் பிறகு 45 மி.மீ. டயரும் மட்கார்டும் இல்லாமல் இறங்கக் கூடாது. திரும்பி பிட்ஸ்பர்க் போக வேண்டியவர்களுக்கு ஷட்டில் வேன்தான் சௌகரியம். ஆம்ட்ராக் ரயிலிலும் சைக்கிள் ஏற்றலாம். இடம் கொஞ்சம்தான், டிக்கெட்டோடு சைக்கிளுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். சாயங்காலம் கம்பர்லாந்தில் ஏறினால் பிட்ஸ்பர்க் சேர நள்ளிரவாகிவிடும், எனவே அறையை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.