எங்கள் ஒழுங்கைக்கு வரும் குப்பை வண்டி: மூன்று மாதக் கணக்கு

வீட்டில் இடியப்பம் அவித்து, சொதியும் சம்பலும் சேர்த்து நான்கு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு 25 தேங்காய் துருவ வேண்டும். சிரட்டை அடுப்புக்குப் போய்விடும். பால் பிழிந்த சக்கைதான் தொல்லை. திருகோணமலை வெயிலில் மாலைக்குள் புளித்துவிடும், இலையான் மொய்க்கும். எனவே குப்பை வண்டி வருகிறதா இல்லையா என்பது என் தொழிலோடு ஒட்டிய கேள்வி.

திங்கட்கிழமை உக்கும் குப்பை, வியாழக்கிழமை உக்காத குப்பை. இதுதான் ஏற்பாடு. ஒழுங்கைக்குள் உழவு இயந்திரம் திரும்ப இடமில்லை. முடக்கில் நிறுத்தி விசில் அடித்துவிட்டு, இரண்டு தொழிலாளர்கள் தள்ளுவண்டியோடு உள்ளே வருவார்கள். தை முதல் பங்குனி வரை சமையலறைக் கதவில் தொங்கும் கலண்டரில் குறித்துவந்தேன். வரவேண்டிய நாட்கள் 26. வந்தது 19.

முதலில் அந்தத் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மூத்தவர் என் வாளியைக் கொட்டியதும் உள்ளே ஒரு தட்டுத் தட்டி, மழைத்தண்ணீர் தேங்காதபடி கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்கிற வேலையாகத் தெரியவில்லை. நாய் இழுத்துப் பரப்பிய பக்கத்து வீட்டுக் குப்பையையும் விளக்குமாற்றால் கூட்டி அள்ளிக்கொண்டு போவார். இவர்களின் வேலையில் நான் ஒரு குறையும் காணவில்லை.

குறை, வராத 7 நாட்களில் இருக்கிறது. வண்டி பழுதாகலாம், ரயர் போகலாம், விடுமுறை வரலாம். அதை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவையாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லாததால் எல்லோரும் பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறோம். பத்து மணிக்குக் காகம், மதியம் நாய், பின்னேரம் கட்டாக்காலி மாடு. இரவில் மழை பெய்தால் மிச்சம் முழுவதும் கானுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. நகரத்தில் மான்கள் படும் பாடு நம் எல்லோருக்கும் தெரியும். பிரட்றிக் கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு புள்ளிமான் சோறு ஒட்டிய பொலித்தீன் பையை மென்று மென்று அப்படியே விழுங்கியதை இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். பறிக்கப் போனேன், ஓடிவிட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று. தவறிய நாளுக்குப் பதிலாக வேறொரு நாள் வண்டி வந்தால், நாங்கள் பிரித்துக் கட்டிய இரண்டு பைகளும் ஒரே பெட்டிக்குள் ஒன்றாக விழுகின்றன. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் நான் பிரித்துப் போடவே பழகினேன். முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள். அதே ஆண்டு மார்ச்சில் இங்கே கிண்ணியாவில் டெங்கு பரவிப் பாடசாலைகளையே மூடினார்கள். ஒரு யோகட் கோப்பையில் தேங்கும் தண்ணீர் போதும் நுளம்புக்கு. ஏழு நாள் வாசலில் கிடக்கும் பைக்குள் எத்தனை கோப்பைகள் இருக்கும்!

உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரியை ஒவ்வொரு வருடமும் ஜனவரி 31க்கு முன்பே முழுதாகக் கட்டிவிடுவேன். 10 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். பற்றுச்சீட்டு வாங்கும்போது குப்பை வண்டியைப் பற்றிக் கேட்டேன். பற்றுச்சீட்டு எழுதிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வேறு பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே இன்னொரு பிரிவு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை கேட்பதற்கு வட்டார உறுப்பினர்கூட இருக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் கேட்காமல் இருந்தே பழகிவிட்டோமோ என்று அன்று எனக்குப் பயம் வந்தது.

பங்குனி முடிவில் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் ஒழுங்கைக்கு வண்டி வரும் நாட்களும் நேரமும். பதினொராம் நாள் பதில் வந்தது. அழகாகத் தட்டச்சு செய்த ஒரு பக்க அட்டவணை, தமிழில். வண்டி வராவிட்டால் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கமும் அதில் இருந்தது. இவ்வளவு காலமும் அது ஒரு கோப்புக்குள் கிடந்திருக்கிறது. ஒழுங்கை முடக்கில் ஒட்டியிருந்தால் என் கலண்டருக்கு வேலையே வந்திராது.

20 பிரதி எடுத்து, ஒன்றை முடக்குக் கடையில் ஒட்டினேன், மற்றவற்றை வீடு வீடாகக் கொடுத்தேன். இப்போது காலை ஏழரைக்குள் கடைக்காரர் அந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கிறார். வராது என்றால் வாசலில் ஒரு பையும் இல்லை. சித்திரைக்குப் பிறகும் வண்டி ஐந்து தடவை தவறியிருக்கிறது, ஆனால் கான் ஒருமுறையும் அடைக்கவில்லை. பிரித்த குப்பை ஒன்றாக விழுவது மட்டும் இன்னும் தொடர்கிறது. அதற்கு அடுத்த விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

போன கிழமை இளைய தொழிலாளியின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"என்ன தம்பி, கைக்கு என்ன நடந்தது?"

"போத்தல் ஓடு கிழித்துவிட்டது அக்கா. பைக்குள் இருந்தது தெரியவில்லை."

கையுறை இல்லையா என்று கேட்டேன். தந்தது கிழிந்துவிட்டது என்றார். எந்த வீட்டுப் பை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமைக்கு என் வீட்டில் உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்று இருக்கிறது. பழைய பத்திரிகையில் சுற்றி, மாச்சாக்கில் தனியாகக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் 'கண்ணாடி' என்று எழுதியிருக்கிறேன்.