கறுத்த பல் ஒன்று, முறிந்த பல் ஒன்று: புதுச்சேரிப் பல் மருத்துவமனையில் நான் பெற்ற சிகிச்சை

சென்ற ஆண்டு மாட்டுப் பொங்கலன்று கரும்பை முன்பல்லால் கடித்து இழுத்தபோது, மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டில் வலப்பக்கத்துப் பல் முறிந்து சக்கையோடு கையில் வந்தது. வலி சிறிதும் இல்லை. 2004-இல் மொபெட்டிலிருந்து விழுந்தபோது அந்த இரண்டு பற்களுக்கும் ரூட் கேனால் என்னும் வேர் சிகிச்சை செய்திருந்ததால் உள்ளே வலிப்பதற்கு நரம்பு ஏதும் மிச்சமில்லை. வலி இல்லாததே வினையாயிற்று. ஆசிரியனான நான், பள்ளித் தேர்வு முடியட்டும் என்று இரண்டு மாதங்கள் அப்படியே விட்டுவிட்டேன். இடப்பக்கத்துப் பல் முறியவில்லை என்றாலும், பழைய அலுமினியப் பாத்திரத்தின் அடியைப் போல ஆண்டுக்காண்டு கறுத்துக்கொண்டே வந்திருந்தது. இந்த இரண்டையும் சீர்செய்து கொடுத்த புதுச்சேரித் தனியார் பல் மருத்துவமனை ஒன்றின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் சென்றது கடலூரிலேயே வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம். இரண்டு பற்களையும் எடுத்துவிட்டு, பக்கத்துப் பற்களைச் சுற்றிலும் தேய்த்து, அவற்றின் மேல் தாங்கும்படி பாலம் போல ஒரே தொடராகப் பல் கட்டிவிடலாம் என்றார். பழுதில்லாத பற்களை இதற்காகத் தேய்ப்பதா என்ற தயக்கத்தில் பத்து நாள் ஓடியது. சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா கல்லூரி என்றிருந்த பல் மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரிக் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அங்கே விசாரிப்பதுதான் முறை. பள்ளி நாட்களில் காலை நேரத்தை ஒதுக்க முடியாத எனக்கு மாலையிலும் பார்க்கும் இடம் தேவைப்பட்டது. உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் இந்தத் தனியார் மருத்துவமனைக்கு வந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும். அரியாங்குப்பத்தில் நெரிசல் இருந்தால் இன்னும் கூடும்.

முதல் நாள் வாயைப் பார்த்ததைவிட எக்ஸ்ரேயைப் பார்த்த நேரமே அதிகம். ரூட் கேனால் செய்த பல் ஈரம் போன விறகைப் போல உலர்ந்து நொறுங்கும் என்று நான் கேள்விப்பட்டிருந்ததைச் சொன்னபோது மருத்துவர் மறுத்தார். உலர்வதைவிட இழப்பதுதான் பெரிய காரணம் என்பது அவர் விளக்கம்: விபத்தில் ஒரு மூலை போயிருக்கும், வேருக்குள் நுழைவதற்காகப் பின்பக்கம் ஒரு துளை போட்டிருப்பார்கள், அந்தத் துளையை அடைத்த பொருளின் ஓரமாகப் பின்னாளில் சொத்தை புகுந்திருக்கும், இப்படி உடம்பு குறைந்துபோன பல்தான் கரும்புக்குத் தோற்கிறது. முறிந்த பல்லில் வேர் நுனியைச் சுற்றி எக்ஸ்ரேயில் தொற்றைக் காட்டும் ஒரு கரு நிழலும் தெரிந்தது. இரண்டு மாதங்களாக உமிழ்நீர் பழைய அடைப்பின் மேல் ஊறிக்கொண்டிருந்ததால், அதற்கு மீண்டும் வேர் சிகிச்சை செய்த பிறகே மேலே எதையும் கட்ட முடியும் என்றார்.

கறுத்த பல்லுக்கும் சேர்த்து இரண்டு கேப் போட்டுவிடுங்கள், ஜோடியாக இருக்கும் என்று நானே கேட்டேன். "சார், இந்தப் பல்லை நான் வெட்ட மாட்டேன். பின்னால் இருக்கும் துளையைத் தவிர இதில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. நிறம் மட்டும்தான் குறை, நிறத்தை மட்டும் சரிசெய்வோம்" என்றார். கேப் போடப் பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதையும், முன்பல்லில் இழப்பு குறைவாக இருந்தால் பின்பக்கத் துளையைக் கம்போசிட் என்னும் பல் நிற அடைப்புப் பொருள் கொண்டு நன்றாக அடைத்தாலே போதும் என்பதையும் சொன்னார். வருமானம் தரும் கேப் ஒன்றை, நோயாளியே கேட்டும், வேண்டாம் என்ற அந்த நிமிடத்தில்தான் இந்த மருத்துவமனையை நம்பத் தொடங்கினேன்.

அந்தப் பல்லை வெளுக்க வைத்த விதம் தனியாகச் சொல்லத்தக்கது. விபத்தின்போது கசிந்த இரத்தத்தின் நிறமும், துளையின் மூலையில் சுரண்டப்படாமல் தங்கிய திசுவும், அடைப்புப் பசையின் மிச்சமும் பல்லின் நுண்குழாய்களில் ஊறியதால் வந்த கறுப்பு அது. வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பின்பக்கத் துளையைத் திறந்து, பழைய அடைப்பை ஈறு மட்டத்துக்குச் சற்று உள்வரை எடுத்து, அதன்மேல் ஏறத்தாழ 2 மி.மீ. கனத்துக்குச் சிமென்ட் அடைத்தார்கள். வெளுக்கும் மருந்து வேர்ப்பக்கம் கசிந்தால் ஈறோரத்தில் வேரே அரிக்கப்படும் அபாயம் உண்டு என்பதற்கான தடுப்பு அது. பிறகு வெளுக்கும் மருந்தான சோடியம் பெர்போரேட் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஈரமணலைப் போன்ற பதத்தில் உள்ளே அடைத்து மூடி அனுப்பிவிட்டார்கள். மருந்து உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, நான் பள்ளிக்குப் போய்வந்தேன். வாரம் ஒருமுறை மாற்றினார்கள். முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் சாம்பல் நிறம் பழுப்பாயிற்று. மூன்றாவது முறைக்குப் பிறகு பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்க்கும்படி ஆயிற்று. உடனே நிரந்தரமாக அடைக்காமல் இரண்டு வாரம் காத்திருந்தார்கள். வெளுத்த கையோடு கம்போசிட் வைத்தால் பல்லோடு சரியாக ஒட்டாதாம். சில ஆண்டுகளில் நிறம் மீண்டும் மங்கக்கூடும், அப்போது திரும்பச் செய்துகொள்ளலாம் என்பதை மறைக்காமல் முன்பே சொன்னார்கள்.

முறிந்த பல்லுக்கு நடந்தது நீண்ட கதை. ரப்பர் விரிப்பு ஒன்றை வாய்க்கு மேல் கட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி செய்துகொண்டுதான் ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கினார்கள். 2004-இல் எனக்கு யாரும் அதைக் கட்டியதாக நினைவில்லை. வேரை அடைத்திருந்த கட்டா பெர்ச்சா என்னும் பழைய பொருளைச் சுருள் சுருளாக வெளியே எடுத்ததைக் கண்ணாடியில் காட்டினார்கள். ரப்பர் போன்ற, இளஞ்சிவப்பு நிறம் போய் அழுக்கேறிய துண்டுகள். வேரைக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை இரண்டு வாரம் உள்ளே வைத்திருந்து, பிறகு புதிதாக அடைத்தார்கள்.

அடுத்த கேள்வி, மிஞ்சிய பல் கேப்பைத் தாங்குமா என்பது. ஈறுக்கு வெளியே ஒன்றரை முதல் 2 மி.மீ. உயரத்துக்காவது சொந்தப் பல் சுற்றிலும் இருந்து, கேப் அதைப் பீப்பாய் வளையத்தைப் போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் பல் சாய்வாக முறிந்திருந்ததால் உதட்டுப் பக்கம் ஒரு மில்லிமீட்டரே இருந்தது. உட்புறம், அண்ணத்துப் பக்கம், மூன்றுக்குக் குறையாமல் இருந்தது. இது உங்கள் அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். தன் இடக்கை விரல்களை மேல்பற்களாகவும் வலக்கை விரல்களைக் கீழ்ப்பற்களாகவும் வைத்து, கடிக்கும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களை உள்ளிருந்து வெளியே தள்ளுவதைக் காட்டினார். தள்ளும்போது பிய்த்துக்கொண்டு வரப் பார்ப்பது உட்புறம்தான்; அங்கே சுவர் இருப்பதால் கேப் போடலாம், ஆனால் சுற்றிலும் இருக்கும் பல்லுக்குக் கொடுக்கும் உறுதியை இதற்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆயுட்கால உத்தரவாதம் என்று விளம்பரப் பலகை வைத்திருக்கும் கடைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் பேச்சு புதிது.

வேருக்குள் ஃபைபர் போஸ்ட் என்னும் நாரிழைத் தண்டு வைத்தார்கள். போஸ்ட் வைத்தால் பல்லுக்கு வலு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. அது வலுவைக் கூட்டுவதில்லை. மேலே கட்டும் பகுதி பிடித்து நிற்க ஒரு முளையாக மட்டுமே உதவுகிறது. வேர் நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் அடைப்பை விட்டுவைத்து மேற்பகுதியில் மட்டும் இடம் செய்கிறார்கள். உலோகத் தண்டு வேரைவிட மிக விறைப்பானது. அழுத்தம் கூடினால் வேரையே பிளந்துவிடக்கூடும், வேர் பிளந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை. ஃபைபர் ஏறக்குறைய பல்லைப் போலவே வளைந்து கொடுக்கும். மிஞ்சிப்போனால் கழன்று வரும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

கேப்பில் மூன்று வகை காட்டினார்கள். உலோகத்தின் மேல் செராமிக் பூசியது விலை குறைவு, ஆனால் வயதாகி ஈறு சற்று இறங்கினால் விளிம்பில் கருங்கோடு தெரியும். ஜிர்கோனியா மிக உறுதியானது. வழக்கமான வகையில் ஒளி அவ்வளவாக ஊடுருவாது. லித்தியம் டைசிலிகேட், இ-மேக்ஸ் என்ற வணிகப் பெயரில் அறியப்படுவது, உறுதியில் அதற்குக் குறைவு என்றாலும் சொந்தப் பல்லைப் போல ஒளியை உள்ளே வாங்கும். பக்கத்தில் சொந்தப் பல் நிற்கும்போது முன்பல்லுக்கு அதுவே பொருத்தம் என்றார்கள், ஒப்புக்கொண்டேன்.

சறுக்கியது நிறத்தில். ஷேட் கைடு என்பது சிறு சிறு பீங்கான் பற்கள் 16 கோத்த ஒரு பட்டை. அதை என் பல்லருகே பிடித்துப் பார்க்கும் வேலையை, ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்துவைத்திருந்த அமர்வின் கடைசியில், டியூப்லைட் வெளிச்சத்தில், உதவியாளர் ஒருவர் அவசரமாக முடித்தார். உலர்ந்த பல் உண்மையைவிட வெண்மையாகத் தெரியும். பன்னிரண்டு நாள் கழித்து லேபிலிருந்து வந்த கேப் குளியலறை டைல்ஸ் போல வெளுத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மருத்துவரே கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு, இதை ஒட்ட மாட்டேன் என்றார். அடுத்த முறை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி, எந்த வேலையும் தொடங்குமுன், ஜன்னலோரம் நிற்கவைத்து, பல்லை நாக்கால் நனைத்துக்கொள்ளச் சொல்லி, பட்டையின் துண்டைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். பட்டையில் ஏ3 என்ற நிறம் என்று முடிவாயிற்று. ஈறோரம் கொஞ்சம் கூடுதல் மஞ்சள், நுனியில் கண்ணாடித் தன்மை என்று குறிப்பும் எழுதினார்கள். முதல் முறையே இதைச் செய்திருந்தால் எனக்கு இரண்டு வாரமும் ஒரு நாள் விடுப்பும் மிஞ்சியிருக்கும். மறுமுறைக்குப் பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இடையில் போட்டிருந்த தற்காலிக அக்ரிலிக் கேப் இரண்டு முறை கழன்றது, ஒருமுறை வகுப்பில். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் வகரம் பிறக்கும் என்று இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வந்தவன், ஒன்பதாம் வகுப்பில் 'வல்லினம்' என்று சொல்லப்போய், காற்று பாதியும் எழுத்து பாதியுமாக வந்ததில் பிள்ளைகளுக்கு அன்று பாடம் நன்றாக விளங்கியிருக்கும். நிரந்தரக் கேப்பை ஒட்டுமுன் மருத்துவர் "வவ்வால் என்று சொல்லுங்கள் சார்" என்றதும் சிரித்துவிட்டேன். அவர் விளையாடவில்லை, பல்லின் நீளம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் அந்தச் சொல் காட்டிக்கொடுத்துவிடுமாம். இருமுறை தேய்த்துத் திருத்திய பிறகே ஒட்டினார்.

செலவு: மறு வேர் சிகிச்சை 7,500 ரூபாய், உள்வெளுப்பு 3,000, போஸ்ட்டும் அதன்மேல் கட்டுமானமும் 4,000, கேப் 13,000, கடைசிக் கம்போசிட் அடைப்பு 1,500. ஆக 29,000 என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்தது 31,100. ஆலோசனைக் கட்டணம், தற்காலிகக் கேப், எக்ஸ்ரே ஆகியவை அந்தத் தாளில் இல்லை. தொகை பெரிதில்லை, ஆனால் எழுதிக் கொடுப்பவர்கள் முழுவதையும் எழுதிக் கொடுக்கலாம். நேரம் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் காக்கவைப்பது இங்கே வழக்கம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. புதுச்சேரியில், என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த மீனவப் பெண்மணி என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டுத்தான் கையெழுத்திட்டார். மருத்துவர் அறைக்குள் அவ்வளவு பொறுமையாகத் தமிழில் விளக்குபவர்கள் வரவேற்பறைத் தாளில் அதைச் செய்யாதது எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லியிருக்கிறேன், ஆறு மாதம் கழித்துப் போனபோதும் அதே படிவம்தான்.

கேப் ஒட்டி ஏழு மாதங்கள் ஆகின்றன. அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியின் நிழல் சுருங்கியிருந்தது. வெளுத்த பல் இதுவரை மங்கவில்லை. நல்ல வெயிலில் உற்றுப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வேறுபாடு எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியவில்லை. கொய்யாவைக் கீற்றாக நறுக்கிக் கடைவாயில் மெல்லுகிறேன், முறுக்கை ஒடித்துத்தான் வாயில் போடுகிறேன், இந்தப் பொங்கலுக்குக் கரும்பைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். கடலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் மாலை நேரம் வாங்கினால் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடே நாற்காலியில் படுத்திருக்க வேண்டிவரும். மற்ற அமர்வுகள் எப்படிப் போனாலும் ஷேட் பார்க்கும் நாளுக்கு மட்டுமாவது காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள், ஜன்னலோரம் நிற்கவைக்கச் சொல்லுங்கள்.